கரையை உடைத்த மாவீரன்

சொக்கேந்திர மகாராஜாவுக்குத் தங்கமான மனசு. புத்திதான் அவ்வப்போது வெளியூர் போய்விடும்.

அவர் நாட்டில் இடிமுட்டி என்றொரு வீரன் இருந்தான். எந்தச் சித்தரோ கொடுத்த மூலிகையை அளவு தெரியாமல் தின்றுவிட்டானாம். அன்றிலிருந்து மலையுச்சியில் காலை ஊன்றினால் ஒரே தாவலில் ஊருக்குள் இறங்குவான். ஒரு குத்து விட்டால் கோட்டைச் சுவரே பொடிப்பொடி. மதயானையை அடக்கினான். ரொம்ப சந்தோஷம். ஆனால் அடக்கிய வேகத்தில் சந்தைக் கடை இருபதும் தரைமட்டம்! யாராவது வாயைத் திறந்தால், "உன்னைக் காப்பாற்றத்தானே குதித்தேன்?" என்பான். அப்புறம் என்ன பேசுவது? சிதறிக் கிடக்கும் கூரைக் கீற்றைப் பொறுக்குவார்கள்.

அரண்மனையில் ஒரு சித்திர மண்டபம் உண்டு. இடிமுட்டி எது செய்தாலும் சித்திரக்காரர் கனகசபை மறுநாளே சுவரில் கட்டம் கட்டி வரைந்துவிடுவார். முதல் கட்டத்தில் வீரன் தாவுவான். அடுத்ததில் குத்துவான். மூன்றாவதில் இடுப்பில் கைவைத்துச் சிரிப்பான். உடைந்த கடைகளுக்கு மட்டும் சுவரில் இடம் கிடையாது. ராஜா தினம் காலையில் அதைப் பார்த்துப் பூரித்த பிறகுதான் பலகாரத்தில் கை வைப்பார்.

ஒருநாள் ஆட்டுத் திருடன் ஒருவன் பெரிய ஏரிக்கரையில் பதுங்கினான். இடிமுட்டி மலையிலிருந்து தாவினான். ஓங்கி ஒரு குத்து. திருடன் நகர்ந்துகொண்டான். கரை எப்படி நகரும்? பிளந்துவிட்டது. ஏரித் தண்ணீர் முழுக்க வயலுக்குள் பாய்ந்து, கதிர் வாங்கிய நெல் அத்தனையும் போச்சு. திருடன் பிடிபட்டான். ஆடு வெள்ளத்தோடு போய்விட்டது.

ஊரார் அழுதுகொண்டு அரண்மனைக்கு வந்தார்கள். ராஜா யோசித்தார். "வீரன் தப்புச் செய்வானா? மாட்டான். கரையைக் காக்க ஆள் இருக்கிறானே, அவன் என்ன செய்தான்? உடைத்தது மடைக்காரன் ஒச்சப்பன்தான். ஏழு நாளில் அவனை நாடு கடத்துங்கள்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இடிமுட்டி நின்றானே, அவன் வாயைத் திறக்கவேண்டுமே? ஊரும் பயத்தில் கப்சிப்.

ஒச்சப்பனைச் சிறையில் போட்டார்கள். அவன் பெண்டாட்டி பேச்சி நேரே அரசவை விகடகவி வேம்புலியின் வீட்டுக்கு ஓடினாள்.

"சாமி, எம் புருசன் மடைப்பலகையைத் தூக்கவே என்னைத் துணைக்குக் கூப்பிடுவாரு. அவரா கரையை உடைச்சாரு? எல்லை தாண்டி விட்டுட்டா நாங்க எங்கே போவோம்?"

"அழாதே தாயி" என்று சொல்லிவிட்டு, வேம்புலி நேரே சித்திர மண்டபத்துக்குப் போனார். கனகசபையின் காதில் ஏதோ சொன்னார். கனகசபை தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "தலை போய்விடுமே ஐயா!"

"ராஜாவின் தீர்ப்பைத்தானே வரையச் சொல்கிறேன்? வரையும்."

மறுநாள் காலை ராஜா வந்தார், பின்னால் இடிமுட்டி. சுவரில் புதுக்கட்டம் பளபளத்தது. முறுக்கு மீசையோடு ஒருவன் ஒற்றைக் காலால் ஏரிக்கரையை உதைக்கிறான், தண்ணீர் பீறிடுகிறது. கீழே, 'மாவீரன் ஒச்சப்பன்' என்று எழுத்து.

"என்னய்யா இது அக்கிரமம்?" என்றார் ராஜா.

"தங்கள் தீர்ப்புதான் மகாராஜா" என்றார் அங்கே நின்ற வேம்புலி. "எட்டு முழ அகலக் கரை. நூறு வருஷ வெள்ளத்துக்கு அசையாதது. தனி ஆளாக உடைத்திருக்கிறானே, லேசுப்பட்ட காரியமா? நம் இடிமுட்டியார் உடைத்ததெல்லாம் கீற்றுக் கடைகள். மாடு முதுகு சொறிந்தாலே அது சாயும்."

இடிமுட்டியின் காது சிவந்தது.

"இவனைப் போய் நாடு கடத்துவதா? பக்கத்து ராஜா யானை மேல் ஏற்றிக் கூட்டிப்போய்விடுவான். பேசாமல் மாவீரர் பட்டத்தை ஒச்சப்பனுக்கே..."

"பொய்!" இடிமுட்டி போட்ட சத்தத்தில் மாடப்புறாக்கள் பறந்தன. "அந்த நோஞ்சானா உடைத்தான்? நான் உடைத்தேன்! ஒரே குத்து!"

"சும்மா சொல்லாதீர்கள். யார் பார்த்தது?"

"ஊரே பார்த்தது! கூப்பிடும் அவர்களை!"

ஊரார் வந்தார்கள். இடிமுட்டி மிரட்டினான். "உடைத்தது யார்? பயப்படாமல் சொல்லுங்கள்!"

"நீங்கதான் ஐயா."

"சத்தமாக!"

"நீங்கதான் ஐயா!" என்று ஊரே ஒன்றாகக் கத்தியது. இத்தனை நாள் அடக்கிவைத்த சத்தம் அது.

இடிமுட்டி மார்பை நிமிர்த்தினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மார்பு மெல்ல இறங்கியது.

"திருடனைப் பிடிக்கப் போய்... தெரியாமல்..."

"தெரியாமல்தான்" என்றார் வேம்புலி. "அதை முளைவிட்டுக் கிடக்கும் நெல்லிடம் சொல்லும்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. "நானல்லவா தப்புத் தீர்ப்புச் சொன்னேன்! ஒச்சப்பனை விடுங்கள். அவன் சொற்படி இடிமுட்டி கரையைக் கட்டட்டும். முதல் கூடை மண்ணை நான் சுமக்கிறேன்." பேச்சி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மூன்று மாதம் நடந்தது வேலை. வீரன் மிதித்தால் மண் சரிந்தது, குத்தினால் குழி விழுந்தது. "மெதுவா ஐயா! தட்டணும், குத்தக் கூடாது!" என்று ஒச்சப்பன் பின்னாலேயே அலைந்தான். மண்கூடை சுமந்து சுமந்து இடிமுட்டியின் உச்சந்தலை காய்த்துப்போனது.

கரை எழும்பியது, மழையும் பெய்தது. இன்னொரு ஆட்டுத் திருடன் அதே கரைமேல் ஓடினான். இடிமுட்டி மலையுச்சியில் நின்றான். "குதிங்க ஐயா!" என்று ஊர் கத்தியது. அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்கினான். கரைமேல் நுனிக்காலில் அடிமேல் அடி வைத்து வந்தான். திருடன் அதற்குள் ஆட்டோடு எல்லையை எட்டிவிட்டான். அங்கே ஓடிப் பிடிப்பதற்குள் வீரனுக்கு மூச்சு வாங்கியது.

இதைக் கேள்விப்பட்ட ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இடிமுட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனப்பா, ஒரே தாவலில் பிடித்திருக்கலாமே?"

இடிமுட்டி தலையைத் தடவிக்கொண்டான்.

"தாவலாம் மகாராஜா. அப்புறம் மண்ணை யார் சுமக்கிறது?"