சாவா மூவா ஆடுகள்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ராசாவுக்குச் சொந்தமாக இருந்த காலம் அது. ராசாவின் பெயர் சேந்தன். நல்லவன்தான். ஆனால் அறுபத்தைந்து வயதாகியும் கிரீடத்தைக் கழற்ற மனம் வரவில்லை. மகன் போரில் இறந்து பத்து வருடமாகியிருந்தது. பேரனுக்குத் தாடி முளைத்து அடர்ந்துவிட்டது. பட்டம் கட்டலாமே என்று யாராவது சொன்னால், "இப்போ என்ன அவசரம்?" என்பான் ராசா. அவனுக்கு அவசரமில்லைதான். அவன் தலைமுடிக்குத்தான் அவசரம், ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தது.

அந்த நாட்டில் பூதி என்றொரு இடைச்சி இருந்தாள். கைம்பெண். ராசாவின் தாத்தா கோயிலுக்குக் கொடுத்த தொண்ணூற்றாறு ஆடுகளை மேய்ப்பது அவள் வீட்டுப் பொறுப்பு. அந்த ஆடுகளின் பாலிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்குப் போகவேண்டும். அந்த நெய்யில் ஒரு விளக்கு இரவும் பகலும் எரியும். என்றைக்கு அது அணைகிறதோ, அன்றைக்கு மந்தையும் போகும், குடியிருக்கும் மனையும் போகும்.

கோயில் சுவரில் இதையெல்லாம் கல்லில் வெட்டியிருந்தார்கள். ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதியிருந்தார்கள். சாகாத, கிழடாகாத பெரிய ஆடுகள் என்று பொருள்.

ஒருநாள் ராசா கோயிலுக்கு வந்தபோது, "அடியே கொம்பி, இங்கிட்டு வா!" என்று பூதி கத்துவது காதில் விழுந்தது. ராசா நின்றுவிட்டான். ஐந்து வயதில் தாத்தாவோடு இதே இடத்துக்கு வந்தபோது, கொம்பி என்ற கறுப்பு ஆடு அவனை முட்டித் தள்ளியிருந்தது. எட்டிப் பார்த்தான். அதே கறுப்பு. அதே வளைந்த கொம்பு.

"இது யார் கொடுத்த ஆடு?"

"உங்க தாத்தா குடுத்ததுங்க சாமி," என்றாள் பூதி. அவள் வீட்டில் காலங்காலமாக அப்படித்தான் சொல்வார்கள்.

ராசாவுக்குத் தலை சுற்றியது. அறுபது வருடமாகச் சாகாத ஆடு! அரண்மனை வைத்தியனைக் கேட்டான். ராசாவுக்குப் பிடித்ததைச் சொல்லியே பிழைப்பவன் அவன். "அந்தக் கறியைச் சாப்பிட்டால் முடி கறுக்கும் மகாராசா," என்றான்.

மறுநாள் அரண்மனை ஆள் வந்து, "ராசா கேட்கிறார்" என்று மயிலை என்ற ஆட்டை ஓட்டிப்போனான். எதற்கென்று சொல்லவில்லை. ஏதோ விருந்து போல என்று பூதி நினைத்தாள். தன் வீட்டுக்கென்று வைத்திருந்த ஒரே கறவை ஆட்டை அந்த இடத்தில் விட்டாள். விளக்கு எரிந்தது.

பத்து நாள் கழித்து, "ராசா கேட்கிறார்" என்று செவலை என்ற ஆட்டை ஓட்டிப்போனான். பூதி தன் காதுத்தோட்டைக் கொடுத்து வேறோர் ஆடு வாங்கி விட்டாள். விளக்கு எரிந்தது.

இன்னும் பத்து நாள் கழித்து, "ராசா கேட்கிறார்" என்று கொம்பியையே ஓட்டிப்போனான். பூதியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கொம்பியின் இடத்தில் நிறுத்தலாமென்றால் பட்டியில் மிச்சமிருந்தவை பால் மறக்காத குட்டிகள். நெய் உழக்குக்குக் குறைந்தது. அவள் பயந்துபோனாள். மறுநாள் காலையில் அரண்மனைக்கே போய் நின்றாள்.

அவளைக் கண்டதும் ராசா எகிறினான். "மூணு ஆட்டைத் தின்னேன். நேத்து ஒரு பல்லு விழுந்துடுச்சு! சாகுற ஆட்டையா எனக்கு அனுப்பினே?"

அப்போதுதான் பூதிக்கு விஷயம் விளங்கியது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"எல்லா ஆடும் சாகுற ஆடுதானுங்க சாமி."

பக்கத்திலிருந்த மந்திரி விடவில்லை. "கல்லில் சாவா மூவா என்று இருக்கிறது. அப்படியானால் பழைய ஆடுகளை இவள் விற்றுத் தின்றிருக்கிறாள். கோயில் சொத்தைத் திருடினால் தலை போகும்."

பூதி வாயைத் திறந்தாள்.

"ஒரு ஆடு செத்தா, அன்னிக்கே வளந்த குட்டி ஒண்ண அதோட இடத்துல நிறுத்தி, அந்தப் பேரையே வைப்போமுங்க. என் மாமியா காலத்துல மூணு கொம்பி. என் காலத்துல ரெண்டு. ஆடு செத்துச்சு, ஆனா மந்தை கொறயல, வெளக்கு அணையல. அதத்தானுங்க எங்க சனம் சாவா மூவான்னு சொல்லும்."

"அப்போ என்னை முட்டின கொம்பி?"

"அது போயி அம்பது வருசமாச்சுங்க."

ராசாவுக்கு வருத்தமாக இருந்தது.

"சாமி கோவிச்சுக்கக் கூடாது. உங்க தாத்தா பேரு என்னங்க?"

"சேந்தன்."

"உங்க பேரு?"

"சேந்தன்தான்."

"உங்க பேரப்புள்ள பேரு?"

அதுவும் சேந்தன்தான். ஊருக்கே தெரிந்த பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அந்த வீட்டிலும் வழக்கம்தான்.

"நாம போறதுக்கு முன்னால நம்ம இடத்துக்கு ஈடு வச்சிட்டுப் போகணும் சாமி. வைக்காம போனாத்தான் வெளக்கு அணையும்," என்றாள் பூதி. பிறகு மெதுவாக, "எனக்கு மூணு ஆடு குடுத்தீங்கன்னா நான் கெளம்பிருவேன்," என்றாள்.

ராசா தானே அரண்மனைத் தொழுவுக்குப் போய் மூன்று கறவை ஆடுகளை அவிழ்த்தான். ஒன்று மயிலை ஆயிற்று, ஒன்று செவலை ஆயிற்று. மூன்றாவது கறுப்பு. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூதியோடு பட்டிவரை நடந்தான். பட்டிக்குள் அவிழ்த்துவிட்டு, "கொம்பி" என்று கூப்பிட்டான். கொம்பி திரும்பி வந்து அவன் முழங்காலில் ஒரு முட்டு முட்டியது.

அன்று மாலை நெய் ஓர் உழக்கு சரியாக இருந்தது. அடுத்த மாதம் சேந்தன் இறங்கினான், சேந்தன் ஏறினான். வைத்தியனை மட்டும் ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள்.

கேட்டீர்களா? போனதன் இடத்தில் ஈடு வைக்க ஆள் இருக்கும்வரைதான் உலகத்தில் எதுவும் சாகாமல் இருக்கும்.