உறங்கு தாயே, மிதிக்க மாட்டேன்

முன்னொரு காலத்தில், பூமியின் கடைக்கோடியில், மழை என்ற சொல்லையே அறியாத ஒரு பனிப்பாலை ராஜ்யம் இருந்தது. மரம் கிடையாது, புல் கிடையாது. ஒரு பக்கம் பனிமலை, மறுபக்கம் உப்பேரி, நடுவே ஓர் ஓடை. ஓடை என்றால் வருடம் முழுக்க ஓடுமா? அதுதான் இல்லை. சூரியன் மறையாமல் வானைச் சுற்றிவரும் கோடையில், பனிமலையின் முகத்தில் வெயில் பட்டால் ஓடும். சூரியன் சிகரத்துக்குப் பின்னால் போனால் நின்றுவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரில்தான் ஊரே பிழைத்தது.

ஒரு கோடையில் ஓடை வரவில்லை. உறிஞ்சுவாயன் என்ற மந்திரவாதி மலையடியில் உட்கார்ந்து, உருகிய நீரையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தான். தட்டிக் கேட்கப் போன மாறவேள் என்ற ஊர்க்காரனை ஓடை நடுவிலேயே கல்லாக்கிவிட்டான், பாவி!

மாறவேளின் மனைவி நீலமணி கிளம்பினாள். மணலில் காய்ந்து கிடந்த கறுப்புப் பொருக்குகளில் கால் படாமல், கல்லுக்குக் கல் தாவினாள். ஒவ்வொரு தாவலுக்கும், “உறங்கு தாயே, மிதிக்க மாட்டேன்” என்றாள். அது அந்த ஊர் வழக்கம்; பொருக்குக்குள் ஒரு தாய் உறங்குகிறாள், தண்ணீர் பட்டால் எழுவாள் என்று நம்பினார்கள்.

மந்திரவாதி வயிறு குலுங்கச் சிரித்தான். “அடி பைத்தியமே, அழுக்கையா தாய் என்கிறாய்? இந்த ஓடையில் உயிர் ஏது? உயிரில்லாத இடத்துக்குத் தண்ணீர் எதற்கு?”

“உயிர் இருக்கு. காட்டினா தண்ணியையும் என் புருஷனையும் விட்டுடுவியா?”

“விடுகிறேன், இது சத்தியம்! சூரியன் சிகரத்துக்குப் பின்னால் போவதற்குள் காட்டு. தவறினால் நீயும் கல்!”

சூரியனோ சிகரத்தை நெருங்கிவிட்டது. நீலமணி சுற்றிலும் பார்த்தாள். கல்லான கணவனின் காலடியிலும் ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. அதை எழுப்பத் தண்ணீர் வேண்டுமே, மந்திரவாதியா கொடுப்பான்? பக்கத்து மணலைத் தோண்டினாள். ஒரு முழம் கீழே மண் பனியாக உறைந்து கிடந்தது. கல்லால் உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டுக் கரைத்தாள். பல் கூசியது, நாக்கு மரத்தது.

கரைந்த நீரை வாயிலிருந்து பொருக்கில் சொட்டவிட்டு ஒருமுறை நனைத்தாள். பொருக்கு அசையவில்லை. மறுமுறை நனைத்தாள். அசையவில்லை.

“அழுக்கு! வெறும் அழுக்கு!” என்று கத்தினான் உறிஞ்சுவாயன்.

சிகரத்தின் நிழல் அவள் பாதத்தைத் தொட்டது. கால்விரல்கள் கல்லாயின. மூன்றாம் முறை நனைத்து, மரத்த நாக்கால் குழறினாள்: “எழுந்திரு தாயே!”

பொருக்கு ஊறியது. உப்பியது. கறுப்பு நடுவே செம்மஞ்சள் தெரிந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் குமிழி கிளம்பியது. தாய் மூச்சு விடுகிறாள்!

செய்த சத்தியம் மந்திரவாதியைச் சும்மா விடுமா? வயிறு வெடித்தது. ஓடை நூறு கிளையாகப் பிரிந்து உப்பேரிக்கு ஓடியது. அவனில் மிஞ்சியது இரு கரையிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. நக்கிப் பார்த்தால் கரிக்கும்.

நீலமணியின் விரல்களில் உணர்வு திரும்பியது. அவள் கண்ணில் நீர் பெருக, மாறவேள் கண் விழித்தான். “நீலா, ஏன் அழறே?”

“அழுகையெல்லாம் அப்புறம். முதல்ல காலை எடுங்க. தாய் எழுந்துட்டா, நீங்க மிதிச்சிட்டு நிக்கிறீங்க!”

தாய் விழித்தாள், ஊர் பிழைத்தது. நாமும் கொஞ்சம் கீழே பார்த்து நடப்போம்.