எட்டரை மணி முகூர்த்தம்

தில்லையம்பலத்தாருக்கு அந்தக் கிழமை முழுக்க நேரம்தான் கவலை.

ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டணம். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை அவருக்கு. ஊரை விட்டு வந்து எட்டு வருஷம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப வர முடியாது. வன்னியிலோ மகள் சுகிர்தாவுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம். காலை எட்டரைக்குத் தாலி கட்டு என்று, வவுனியாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் கலியாணத்துக்கு வன்னிக்குள் போய்விட்டார். அங்கே தொலைபேசி இல்லை.

போகத்தான் முடியாது, தாலி ஏறுகிற அந்த நொடியில் இங்கிருந்தபடியே அறுகரிசி போட்டு வாழ்த்தலாம் என்று அவர் மனதைத் தேற்றியிருந்தார். பச்சரிசியில் மஞ்சளைப் பிரட்டி, அறுகுக்குப் பதிலாகப் பூங்காவில் கிள்ளிய புல்லையும் கலந்து வைத்துவிட்டார். நொடி தவறக் கூடாது. அதுதான் பாடு.

அவருடைய கைமணிக்கூடு சாவி கொடுக்கிற பழசு. ரயில் நிலையத்து மணிக்கூட்டைப் பார்த்து அதைத் திருத்தினார். மாதா கோயில் மணி அதற்குப் பிந்தி அடித்தது. வேலைத்தலத்து மணிக்கூடு இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. கடைசியில், வானொலியில் செய்திக்கு முன்னால் வருகிற 'பீப்' சத்தத்துக்கு முள்ளை வைத்தார். அதன் பிறகுதான் சோறு இறங்கியது.

வியாழன் பின்னேரம், அறையில் கூட இருக்கும் நிமலன் கேட்டான்.

"எட்டரை எண்டால் பழைய நேரமோ, புது நேரமோ?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலங்கை அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்த காலம் அது. வவுனியாவில் புது நேரம். போராளி இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. சொன்னவர் வவுனியாக்காரர். கலியாணம் வன்னியில். புது நேரம் என்றால் இங்கே விடிய நாலரை. பழைய நேரம் என்றால் ஐந்து.

சப்பாத்தைக் கூடச் சரியாகப் போடாமல் யோகாம்பிகை அம்மாவிடம் ஓடினார்.

சலவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தார் அந்த அம்மா. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பார். மற்ற நாட்களில் பெரியவர்கள் வந்து மனதில் கிடக்கிற சந்தேகங்களைக் கேட்பார்கள். தில்லையம்பலத்தாரை விட வயதில் எவ்வளவோ இளையவர். ஆனாலும் இவர் வாயில் 'அம்மா' என்பதைத் தவிர வேறு சொல் வராது.

"அம்மா, எனக்குச் சரியான நேரம் வேணும்."

"எங்கத்தைய நேரம், அண்ணை?"

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு விடிய இஞ்சை வாங்கோ. அரிசியையும் கொண்டு வாங்கோ."

"எத்தினை மணிக்கு?"

"நித்திரை வராட்டில் வெள்ளெனவே வாங்கோ."

நித்திரை எங்கே வந்தது? கோடை வானம் வெளுக்கத் தொடங்கும்போதே அவர் வந்துவிட்டார். அம்மா நிலத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைத்திருந்தார். அவர் அதன் முன்னால் அரிசியைப் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்தார். கண் மணிக்கூட்டை விட்டு அசையவில்லை.

நாலரை ஆயிற்று. கை உயர்ந்தது. அப்படியே நின்றது.

"பழைய நேரமெண்டால் இன்னும் தாலி கட்டேல்லை, அம்மா. இப்ப போடலாமோ?"

"போடாதேங்கோ."

"புது நேரமெண்டால்?"

"போடுங்கோ."

"விளையாடாதேங்கோ அம்மா. நெஞ்சு பதறுது."

"நான் விளையாடேல்லை. பழைய நேரமெண்டே வைப்பம். இப்ப அங்கை என்ன நடக்கும்?"

"பிள்ளையை மணவறைக்குக் கூட்டி வருவினம்."

"பிள்ளை எப்பிடி நடப்பா?"

அவர் யோசித்தார். "மற்றப் பிள்ளையளைப் போலக் குனிஞ்சு நடவாது அது. சின்னனிலை அண்ணாந்து பாத்துக்கொண்டு நடந்து, ஒழுங்கையிலை விழாத நாளில்லை. தாய் பேசுவா. நான் தூக்கிக்கொண்டு வருவன்." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "பள்ளிக்கூடச் சட்டையோடை விட்டிட்டு வந்தனான். இப்ப தாயை விட உயரமாம்."

"தாரை வார்த்துக் குடுக்கிறது ஆர்?"

சிரிப்பு நின்றது.

"மனிசியின்ரை தம்பி, பிள்ளைக்கு மாமன். நல்ல பெடியன். இவ்வளவு காலமும் அவன்தான் பாத்தவன்." பிடித்திருந்த அரிசியை இன்னும் இறுக்கினார். "என்ரை பேரைச் சொல்லித்தான் ஐயர் மந்திரம் சொல்லுவார். பேர் என்ரை, கை அவன்ரை."

அம்மா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு கேட்டார்.

"உங்கடை கையெண்டால் எப்பிடிப் பிடிச்சிருக்கும்?"

"இப்பிடி." அவர் இரண்டு கையையும் நீட்டினார். "கீழை மாப்பிள்ளையின்ரை கை. அதுக்கு மேலை பிள்ளையின்ரை. ரெண்டையும் சேத்து, இப்பிடித் தாங்கி. பயப்பிடாதை பிள்ளை, அப்பா நிக்கிறன் எண்டு மெல்லமாய்ச் சொல்லியிருப்பன். அதுக்குக் கை குளிர்ந்து போயிருக்கும். சோதினை நாளிலையும் அப்பிடித்தான் குளிரும். தேய்ச்சு விடுவன்."

அவர் பேசிக்கொண்டே போனார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது. அவர் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அவள் வாசல் படலையடிக்கு வராமல் கிணற்றடியில் போய் நின்றுகொண்டது. எட்டு வருஷத்தில் ஒருவருக்கும் சொல்லாததெல்லாம் வந்தது.

கீழே சலவைக் கடை லொறி வந்து ஹோர்ன் அடித்தது. அவர் திடுக்கிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஐயோ அம்மா! நாலரையும் போயிட்டுது, அஞ்சும் போயிட்டுது! மாதா கோயில் மணி அடிச்சதுகூட என்ரை காதிலை விழேல்லை. அரிசி..."

கையைப் பார்த்தார். உள்ளங்கையில் மஞ்சள் மட்டும் இருந்தது. அரிசி முழுக்க விளக்கைச் சுற்றிச் சிந்திக் கிடந்தது.

"இது எப்ப விழுந்தது, அம்மா? எத்தினை மணிக்கு?"

"அதை ஆர் பாத்தது, அண்ணை? நாங்கள் ரெண்டு பேரும் கலியாணத்திலையெல்லே நிண்டனாங்கள்."