வாழைப்பழத்தின் நடுவே கறுப்புப் புள்ளி

முன்னொரு காலத்தில் மரம் பேசும், வௌவால் பேசும், நோய்கூட வாசலில் நின்று பெயர் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும். அந்தக் காலத்தில் வாழைப்பழத்துக்குள் சதை கொஞ்சம், விதைதான் அதிகம். ஒவ்வொன்றும் கல் மாதிரி.

மலையடிவாரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். பசியோடு வந்தவள் கதலி வாழையின் பழத்தைக் கடித்தாள். கடக்கென்றது. முன்பல் கையில் வந்துவிட்டது.

"அடிப்பாவி! பழம்னு கொடுத்துட்டு உள்ளே கல்லையா வச்சிருக்கே?"

கதலி பதறிவிட்டாள். "கல்லில்லை அக்கா. என் பிள்ளைங்க."

பல் போனதே தவிர சடைச்சிக்கு வாய் போகவில்லை. அங்கேயே பேரம் பேசினாள்.

"விதையெல்லாம் எனக்குக் கொடுத்துடு. தண்ணி நான் ஊத்தறேன், எரு நான் போடறேன், காத்தடிச்சா முட்டுக் கொடுக்கறேன். ஆடு மாடு உன் பக்கம் எட்டிப் பாக்காது."

"அப்புறம் எனக்குப் பிள்ளை?"

"காலடியில கன்னு விடறியே, அதைப் பறிச்சு நான் நடறேன். அச்சு அசலா உன்னை மாதிரியே இருக்கும்."

பூவில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால் அலறியது. "கொடுக்காதே! காடு காடா அலைஞ்சு மகரந்தம் கொண்டாந்து சேக்கறவன் நான். அதனாலதான் உன் பிள்ளைங்கள்ல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. ஒண்ணு வெயில் தாங்குது, ஒண்ணு வெள்ளம் தாங்குது. எல்லாம் ஒரே முகமானா ஒண்ணுக்கு வர்றது அத்தனைக்கும் வரும்!"

"தலைகீழாத் தொங்கறவனுக்கு எதுடா நேராத் தெரியும்?" என்றாள் சடைச்சி.

பேரத்துக்கு ஒத்துக்கொள்கிறவள் கைமுதலை முழுசாகவா கொடுப்பாள்? ஒரு விதையாவது என்னிடம் இருக்கட்டும் என்று கேட்க வாய் இல்லையா? கேட்கவில்லையே கதலி, மடச்சி! 'அச்சு அசல்' என்ற சொல்லில் மயங்கி, அத்தனை விதையையும் சடைச்சியின் மடியில் கொட்டிவிட்டாள். அக்காள் கொடுத்தாளே என்று பக்கத்தில் நின்ற தம்பி, மொந்தன் வாழையும் கொட்டினான்.

சடைச்சி சொன்ன சொல் தவறவில்லை. கன்றுகளைப் பறித்துச் சமவெளியில் நட்டாள், தண்ணீர் ஊற்றினாள், முட்டுக் கொடுத்தாள். சில வருஷத்தில் ஆயிரம் கதலி, ஆயிரத்துக்கும் ஒரே முகம், ஒரே குரல். மொந்தன் பழம் அவள் வாய்க்குப் பிடிக்கவில்லை. அவனைச் சாக்கடை ஓரம் தள்ளி வைத்தாள்.

ஒருநாள் வாடல் நோய் வந்தது. முதல் மரத்தைத் தட்டியது.

"யாரு வீட்டுல?"

"நான்தான், கதலி."

நோய் தடவித் தடவி, எந்த வேர் மெத்தென்று இருக்கிறது என்று கண்டுபிடித்து நுழைந்தது. அடுத்த மரத்திலும் அதே குரல், அதே இடத்தில் அதே வேர். அதற்கப்புறம் தேடுகிற வேலையே இல்லை. உச்சிப் பொழுதில் கஞ்சிக் கலயத்தோடு வந்த சடைச்சி பார்த்தாள். ஆயிரம் மரமும் மண்ணில் கிடந்தன. கலயம் நழுவி உடைந்தது.

நோய் சாக்கடை ஓரம் போய்த் தட்டியது.

"யாரு?"

"மொந்தன்." கட்டைக் குரல்.

நோய் பழகிய இடத்தில் வேரைத் தேடியது. அங்கே இல்லை. எங்கே தொட்டாலும் இறுகிக் கிடந்தது. "வீடு மாறி வந்துட்டேன் போல" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டது. மொந்தனின் முதுகுக்குப் பின்னால் கதலியின் கன்று ஒன்று பதுங்கியிருந்தது. கதலி குலத்தில் மிச்சம் அது ஒன்றுதான்.

சடைச்சி ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டாள். கன்று திமிறிக்கொண்டு கேட்டது.

"என் விதையைத் திருப்பிக் கொடு. எனக்கு ஒரே முகம் வேண்டாம்."

சடைச்சி சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"விதையா... அன்னிக்கே கோழிக்குப் போட்டுட்டேனேடி."

கதலி வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. மரங்களின் பேச்சு அதோடு நின்றது.

கதலித் தோட்டத்து ஓரத்தில் மொந்தனை நடுவது அந்த நாளில் சடைச்சி தொடங்கிய பழக்கம்தான். வாழைப்பழத்தை நறுக்கினால் நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவே, அவையும் அந்த நாளிலிருந்துதான்: கோழி தின்ற பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று கதலி இன்னும் இடம் போட்டு வைத்திருக்கிறாள்.