வளர்ந்துகொண்டே போன வெள்ளிங்கிரி வீடு

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரன் இருந்தான் கண்ணு. பேரு வெள்ளிங்கிரி. மலையடிவாரம், சுத்தி மூங்கில் காடு. நான் பொய்யே சொல்றதில்ல, உனக்கே தெரியும். எங்க, ம் கொட்டு.

ம்.

அவனுக்கு மாமன் பொண்ணு மயிலாத்தா மேல கொள்ளை ஆசை. மாமன் ரங்கப்பன் நெல்லுக் குதிர் மாதிரி இருப்பாரு. அவரு சொன்னாரு, "மாப்ளே, வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள ஒரு வீடு கட்டு. நான் உள்ள உக்காந்து ஒரு டம்ளர் காப்பி குடிக்கணும். இல்லாட்டி பொண்ணு மளிகைக்கடைக்காரருக்குத்தான்."

அப்போ மயிலாத்தா காதோட காதா சொன்னா, "மச்சான், மூங்கிலைத் தேய்பிறையில வெட்டி, ஓடுற தண்ணியில ஊறப்போட்டு, காய வெச்சுக் கட்டோணும்."

"அதுக்கு ரெண்டு மாசம் ஆகும் அம்மிணி. எனக்கு இருக்கிறது நாலு நாளு!"

அப்புறம் என்ன பண்ணினான்? பச்சை மூங்கிலைக் கிழங்கோட பிடுங்கி, நாலு மூலையிலயும் நட்டுட்டான். நடுவுல பரண் கட்டி, தட்டி அடைச்சு, புல்லுக் கூரை போட்டான். வீடு ஜோர்!

வெள்ளிக்கிழமை காலையில சடசடன்னு மழை. கிழங்கு தண்ணியைக் குடிச்சுது. குடிச்ச மூங்கில் சும்மா இருக்குமா? கிர்ர்ர்... ஒரு கணு. வீடு இடுப்பு உசரம் ஏறிடுச்சு.

ம்.

அப்புறம் பாரத்துக்கு ஆட்டுக்கல்லைத் தூக்கி உள்ள வெச்சான். கிர்ர்ர்... ஆட்டுக்கல்லும் மேல போச்சு. அப்புறம் எருமையை ஏத்தினான். கிர்ர்ர்... எருமை தலையை வெளிய நீட்டி "ம்ம்ஆ"ன்னுச்சு.

அப்போ ரங்கப்பன் வந்தாரு. ஏணி வெச்சு ஏறி, எருமை பக்கத்துல தொப்புன்னு உக்காந்தாரு. வீடு க்ரீச்னு ஒரு முழம் இறங்குச்சு. வெள்ளிங்கிரி காப்பி எடுக்க ஓடினான். திரும்பி வந்தா... கிர்ர்ர்! மாமன் தென்னை மர உசரத்துல!

"மாப்ளே! இறக்குடா! தலை சுத்துது!"

"காப்பி குடிங்க மாமா!"

"எட்டாதுடா! பொழுதும் சாயுது. மளிகைக்கடைதான்!"

வெள்ளிங்கிரிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மயிலாத்தா அழுவாளா? காட்டுக்குள்ள போயி, கருப்பட்டியைக் காட்டி ஒரு கொம்பன் ஆனையைக் கூட்டிட்டு வந்துட்டா. அது வீட்டுக்கு அடியில நின்னு மூங்கிலைத் தின்ன ஆரம்பிச்சுது. மொறுக் மொறுக். வீடு கிழக்கால சாஞ்சுது. மொறுக். மேற்கால சாஞ்சுது. "ஐயோ, எருமை என் மடியில ஏறுதே!" மொறுக்... பொத்! நாலு காலும் தீர்ந்து, வீடு ஆனை முதுகுல உக்காந்துடுச்சு.

ஆனை தும்பிக்கையில டம்ளரை வாங்கி ஜன்னல்ல நீட்டுச்சு. பயத்துல நாக்கு வறண்ட மாமன் மடக் மடக்னு குடிச்சுட்டாரு.

"குடிச்சுட்டீங்கப்பா!"ன்னா மயிலாத்தா.

மாமன் டம்ளரைப் பார்த்தாரு. சூரியனைப் பார்த்தாரு. அது அப்பத்தான் மலைக்குப் பின்னால இறங்குது. "சக்கரை கம்மி"ன்னாரு. வேற என்ன சொல்லுவாரு?

கல்யாணம் ஆச்சு. ஆனை இன்னும் அந்த வீட்டை இறக்கல. ரெண்டு பேரும் அதுலதான் குடியிருக்காங்க. தினம் ஒரு ஊர். எந்த வீட்டுல புள்ளை முழிச்சிருக்கோ, அங்க வந்து காப்பி கேக்குமாம் ஆனை. நம்ம வீட்டுல காப்பித்தூள் தீர்ந்து போச்சு, கண்ணை மூடிக்கோ.

ம் சொல்லு?

சொல்லலையே. சரி. ஆனையும் தாண்டிப் போச்சு, கதையும் அது பின்னாலயே போச்சு.