செம்புத் தகடும் மதகுப் பூதமும்

முன்னொரு காலத்திலே, ஆட்டுக்கு வால் முழநீளம் இருந்த காலத்திலே, குறும்பைநாடு என்றொரு நாடு. அந்த நாட்டு அரசனுக்கு ஆட்களின் பெயரை நினைவில் வைக்க மகா சோம்பல். ஒரு மாயாவி வழி சொன்னான்: ஆளுக்கொரு செம்புத் தகடு, தகட்டுக்கொரு சொல். ‘நொண்டி’, ‘சொட்டை’, ‘திக்குவாய்’. கழுத்தில் மாட்டிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குத் தகடுதான் தெரியும், முகம் தெரியாது. பெயரைக் கேட்டு, முழுசாகச் சொன்னால் தகடு கழன்றுவிடும். அதை மட்டும் அவன் சொல்லவில்லை, திருட்டுப் பயல்!

ஏரி மதகில் முந்நூறு வருஷமாகக் காவல் இருந்த பூதத்துக்கும் ஒரு தகடு: ‘தடியன்’. கோபத்தில் அது மதகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பயிர் வாடியது.

தளபதி போனார். “டேய் தடியா, நகரு!”

ஊ... ஒரே ஊதல். வைக்கோல்போரில் விழுந்தார்.

புலவர் போனார். “தடியரே, நகர்வீர்!”

ஊ... வைக்கோல்போர்.

மந்திரி போனார். “தடியப்ப மகாராஜாவே!”

ஊ... அதே வைக்கோல்போர்.

நாலாவதாக ஒரு கீரைக்காரப் பெண் வந்தாள். அவள் பாத்தி இன்னும் ஒரு நாள் தாங்காது.

“திக்குவாய்க்கு இங்கே என்ன வேலை?” என்றார் மந்திரி, வைக்கோலைத் துப்பிக்கொண்டே.

அவள் பூதத்திடம் கேட்டாள். “உ... உ... உன் பேர் என்ன?”

பூதம் விழித்தது. முந்நூறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி! “கார்முகில்வண்ணப் பெருமழைக்காவலன்” என்றது, வெட்கத்தோடு.

“கா... கா... கார்மு...”

“காவலன்! அதானே? நான் சொல்லிடறேன்” என்று மந்திரி பாய்ந்தார்.

“சும்மா இருமய்யா!” பூதம் உறுமியது. “முந்நூறு வருஷம் காத்திருந்தவன், மூணு மூச்சு காத்திருக்க மாட்டேனா? நீ சொல்லு தாயி.”

சொன்னாள். ஓர் எழுத்து விடாமல், சில எழுத்தை மும்மூன்று தடவை. கணீரென்று தகடு கழன்றது. பார்த்தால், பூதம் கீரைத்தண்டு மாதிரி ஒல்லி!

“உன் பேரு?”

“அ... அல்லியங்கோதை.”

“அல்லியங்கோதை!” அவள் தகடும் விழுந்தது. மதகு திறந்தது, தண்ணீர் பாய்ந்தது.

மந்திரி கண்ணைக் கசக்கினார். “கன்னத்துல குழியோட ஒரு பொண்ணு! ஊருக்குப் புதுசாம்மா?”

“ப... பத்து வருஷமா உங்க வீட்டுக்குக் கீரை கொ... கொண்டு வரேன், மாமா.”

“அப்ப, வாய் இன்னும் சரியாகலையா?”

“வாய்க்கு எ... என்ன? உங்க கண்ணுதான் இ... இப்ப சரியாச்சு.”

ஊரே சிரித்தது. ஒருவர் பெயரை ஒருவர் கேட்டார்கள். தகடுகள் மழையாய் உதிர்ந்தன. மாயாவி ஓடிய ஓட்டத்தில் செருப்பை விட்டுப் போனான். தகடுகளை உருக்கி ஊருக்கு ஒரு குடம் செய்தார்கள்.

நம்பிக்கை இல்லையா? அந்தக் குடத்தில் நானே குடித்திருக்கிறேன். கழுத்து குறுகல். தண்ணீர் விக்கி விக்கித்தான் வரும். தாகம் தீராமல் ஒருவரும் எழுந்து போனதில்லை.