ஒரு மாத மருந்து

வலிப்பு நோயாளிகளுக்கு ஒரு மாத மருந்தைத் தானமாகக் கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் தமுக்கடிக்க வைத்தார் ஒரு ஜமீன்தார். மாதம் முடிந்ததும் அவருடைய சமையற்காரர் வேலாண்டி, தன் மகள் பவளத்துக்காக மறுபடியும் கேட்டார்.

"அதான் ஒரு தடவை கொடுத்தாச்சே! அதிலேயே குணமாக வேண்டியதுதானேடா?" என்று விரட்டினார் ஜமீன்தார்.

மருந்து நின்ற ஒன்பதாம் நாள், குளத்தில் குளிக்கும்போது வலிப்பு வந்து பவளம் மூழ்கிப்போனாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வேலாண்டி, விருந்தாளிகள் சூழ உட்கார்ந்திருந்த ஜமீன்தார் முன்னால் வெறும் இலையைப் போட்டார்.

"சோறு எங்கேடா?"

"போன மாசம் வயிறாரச் சாப்பிட்டீங்களே எஜமான். இன்னுமா பசிக்குது?"

விருந்தாளிகள் தலைகுனிந்தார்கள். ஜமீன்தார் இலையை விட்டு எழுந்து போனார். மறுநாளே ஒரு தென்னந்தோப்பின் வருமானத்தை, என்றைக்கும் மாதாமாதம் மருந்து வாங்குவதற்கென்று எழுதிவைத்தார்.

முதல் பொட்டலத்தை வேலாண்டியிடமே நீட்டினார்.

"எங்க வீட்டுல இனி யாருக்கும் வேண்டாம் எஜமான்" என்று சொல்லி, மருந்து வாங்க வரிசையில் பின்னால் நின்றவளுக்கு வழிவிட்டார் வேலாண்டி.